நாக்கு முடிச்சா, நாக்கட்டா?

பிள்ளை பெற்று வந்த சொந்தக்காரப் பெண்ணைப் பார்க்கப் போன இடத்தில் மறுபடியும் அந்தச் சொல். "குழந்தைக்கு நாக்கு முடிச்சாம் சித்தப்பா, வெட்டணுமாம்." எட்டு நாள் குழந்தை. முடிச்சு என்று கேட்ட உடனேயே வெட்டுவதற்கு மனம் தயாராகிவிட்டது.

நாக்கின் கீழுள்ள மடிப்பு பிறவியிலேயே இறுகி, நாக்கு சரியாக அசைய முடியாத நிலையைத்தான் நாக்கு முடிச்சு (tongue-tie) என்கிறார்கள். அதன் மருத்துவப் பெயர் ஆங்கிலோகுளோசியா. கிரேக்கத்தில் ஆங்கிலோஸ் வளைந்தது, குளோசா நாக்கு. முடிச்சு என்ற பொருளே அதில் இல்லை. நாக்கின் கீழே இருப்பதும் முடிச்சு அல்ல. 2019இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தார்கள். அது தனியாக நிற்கும் கயிறு அல்ல, வாயின் அடித்தளத் திசுப்படலம் நாக்கைத் தூக்கும்போது எழும்பும் மடிப்பு என்றார்கள். அந்த மடிப்பு எல்லாருக்கும் உண்டு. அதை 'நாமடிப்பு' என்போம்.

நோய்க்கு 'நாக்கட்டு' போதும். மலக்கட்டு, நீர்க்கட்டு என்று நாட்டு வைத்தியத்தில் சொல்கிறோமே, அங்கே கட்டு என்பது ஒரு பொருளா? ஓட்டம் நின்றுபோன நிலை. நாக்கட்டு என்றால் நாக்கு என்ன செய்ய முடியாமல் தவிக்கிறது என்று கேட்கத் தோன்றும். முடிச்சு என்றால் எங்கே இருக்கிறது, எப்போது எடுப்பது என்றுதான் தோன்றும். மந்திரக்காரன் போடும் வாய்க்கட்டு நினைவுக்கு வருகிறதே என்பார்கள். வரட்டும், அதுவும் வாய் செயல்படாத நிலைதானே.

சிலர் 'அடிநாக்குக் கட்டு' என்கிறார்கள். மாத்திரை அடிநாக்கில் கசக்கிறது என்றால் தொண்டைப் பக்கம் என்றுதான் அர்த்தம், கீழ்ப்பக்கம் இல்லை. 'திக்குவாய்' என்பது அதைவிட மோசம். நாக்கட்டால் பேச்சு தாமதமாகும் என்பதற்கே உறுதியான சான்று கிடையாது.

சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் உண்டு. முடிச்சு என்ற சொல் வெட்டச் சொல்கிறது, வெட்டுவதன் பலனோ அவ்வளவு தெளிவாக இல்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வில் இதற்குச் சேர்ந்தவை 5 சோதனைகள், 302 குழந்தைகள் மட்டுமே. மடிப்பைக் கத்தரித்தால் தாயின் காம்பு வலி சில நாளைக்குக் குறைகிறது. குழந்தை பால் குடிப்பது மேம்படுமா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதனால் முதலில் குழந்தையை மார்பில் பிடிக்கும் முறையைத் திருத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், வலிக்கிறதா என்று. "இல்லையே, நல்லாத்தான் குடிக்கிறான். எடையும் ஏறியிருக்கு."