உப்புக்காற்றும் செட்டாப் பாக்ஸும்

இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்தையும், மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாகினி பார்த்த இரவுகளையும் எங்கள் கடற்கரையில் நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி விழும், நிழலுருவம் தெரியும். ஆனாலும் செய்தி காதில் விழும். கோளாறு பல வாரங்களுக்கு முன்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டிஜிட்டலில் அந்த முன்னறிவிப்பு இல்லை. எண்களாக வரும் படத்தின் சிறு பிழைகளைச் செட்டாப் பாக்ஸே திருத்திக்கொள்வதால், சிக்னல் தேய்ந்துகொண்டே போனாலும் படம் துல்லியமாகத்தான் இருக்கும். திருத்த முடிகிற அளவைத் தாண்டிய கணத்தில் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். 2012-இல் பெருநகரங்களில் தொடங்கிய கேபிள் டி.வி.யின் டிஜிட்டல் மாற்றம் எங்கள் ஊர்களை எட்ட 2017 ஆகிவிட்டது. தூர்தர்ஷனும் தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. ஆனால் மெக்கானிக்காக நான் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் புரிதல் இன்னும் புள்ளி விழுந்த காலத்திலேயே நிற்கிறது.

சென்ற ஐப்பசியில் தங்கச்சிமடத்தில் ஓர் அம்மா, "நேத்து ராத்திரி வரைக்கும் கண்ணாடி மாதிரி தெரிஞ்சுச்சு தம்பி, காலையில ஒண்ணுமே இல்ல" என்றார். பழைய குழாய் டி.வி. இனி உதவாது, புதிது வாங்குங்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாடிக்கு ஏறி டிஷ்ஷின் கனெக்டரைக் கழற்றினேன்: உள்ளே பச்சைக் களிம்பு, நடுக்கம்பி ஊசிமுனையாகத் தேய்ந்திருந்தது. வயரை இரண்டு அங்குலம் வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றியதும் படம் வந்துவிட்டது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் செருக இடமுள்ள எந்தப் பழைய டி.வி.யும் செட்டாப் பாக்ஸோடு வேலை செய்யும். அதைத் தூக்கிப் போட்டே ஆக வேண்டுமென்றாலும் கடற்கரையில் உடைக்காதீர்கள். அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

டிஷ் வைத்திருப்பவர்கள் பெட்டியின் மெனுவில் சிக்னல் குவாலிட்டி என்ற அளவை மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். அருகில் இருக்கும் ஸ்ட்ரென்த் அளவு, குவாலிட்டி குறைந்தாலும் நிறைந்து தெரியலாம், பலரும் அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். குவாலிட்டி மாதாமாதம் இறங்கினால் பெரும்பாலும் கனெக்டருக்குள் உப்பு போய்விட்டது என்று பொருள். எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால், தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ்ஷின் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 70 பாகை உயரத்தில் இருக்கிறது. டிஷ் மல்லாந்தாற்போல் சாய்ந்திருக்க, காக்கை எச்சமும் உப்புப் படலமும் அதிலேயே தங்கும். வாடைக்காற்று தொடங்குமுன் நல்ல தண்ணீரால் கழுவி, டிஷ்ஷின் முன்னால் நீண்டு நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யின் மூடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். (ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. வசூலிக்க வருபவரிடம் கொடுக்காதீர்கள்.)

எல்லாம் சரியாக இருந்தும் கனமழையில் டிஷ் படம் நின்றுபோகும். டிஷ்ஷுக்கு வரும் அலைவரிசையை மழைத்துளி விழுங்கிவிடும், அதற்கு எந்த மெக்கானிக்காலும் வழி செய்ய முடியாது. புயல் எச்சரிக்கை தேவைப்படும் இரவும் அதுவேயாகையால், கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் பேட்டரி போட்ட ஒரு ரேடியோவை எடுத்து வையுங்கள்.