நாய் வளர்க்கும் வீட்டில் கூடுதலாக இரண்டு மூடி பினாயில் எதற்கு?

பாதத்தை ஓயாமல் நக்குகிறது, விரலிடுக்கெல்லாம் சிவந்துவிட்டது என்று நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "தரையை எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள்?" என்பது. அடிக்கடி கேட்கும் பதில்: "பினாயில்தான் டாக்டர். நாய் இருக்கிறதே என்று இரண்டு மூடி கூடவே ஊற்றுகிறோம்."

பாதம் சிவக்க ஒவ்வாமை, பூஞ்சை, உண்ணி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் இரண்டு மூடியை நான் சும்மா விடுவதில்லை. நாய் வெறும் பாதத்தோடு நடக்கிறது, அதே தரையில் வயிற்றை வைத்துப் படுக்கிறது, அப்புறம் பாதத்தை நக்குகிறது. தரையில் ஊற்றியது வாய்க்குள் போகிறது. பல பினாயில்களில் இருக்கும் பீனால் சேர்மங்கள் தோலை எரிக்கும், நாக்கைப் புண்ணாக்கும். பூனையும் இருக்கும் வீட்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், அதன் ஈரலால் பீனாலைச் சரியாக முறிக்க முடியாது. புட்டியில் போட்டிருக்கும் அளவே போதும். துடைத்த தரை முழுதாகக் காயும்வரை நாயை வேறு அறையில் விடுங்கள். தினமும் துடைப்பதற்குச் சோப்புத் தண்ணீரே தாராளம்.

சரி, வாடை? நாய் வீட்டில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வாசனைத் திரவம், ஸ்பிரே என்று எதை அடித்தாலும் அது நம் மூக்கைத்தான் ஏமாற்றும். சிறுநீர் போன இடம் நாய்க்கு அப்படியே தெரியும், மறுநாளும் அங்கேயே வந்து காலைத் தூக்கும். அமோனியா கலந்த திரவம் என்றால் கேட்கவே வேண்டாம், அந்த வாடை சிறுநீரை நினைவூட்டி அதைத் திரும்ப அழைப்பது போலத்தான்.

ஈரம் இருக்கும்போதே பழைய துண்டை மேலே போட்டு, ஏறி மிதித்து உறிஞ்ச விடுங்கள். தேய்த்தால் பரவும். பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஒற்றுங்கள். அடுத்து வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து, சில நிமிடம் விட்டுத் துடையுங்கள். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். மார்பிள் போன்ற கல் தரையில் மட்டும் வினிகர் வேண்டாம், அமிலம் பளபளப்பைத் தின்றுவிடும். விரிப்பு, மெத்தையில் ஊறியிருந்தால் நொதி (என்சைம்) கலந்த திரவம் ஒன்று வாங்குவது நியாயமான செலவு. அதற்கு முன் அந்த இடத்தில் பினாயிலோ ப்ளீச்சோ போட்டுவிடாதீர்கள், நொதி வேலை செய்யாமல் போகலாம்.

ப்ளீச் பற்றி ஒரு எச்சரிக்கை. சிறுநீர் தேங்கிய இடத்தில் அதை நேராக ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு எழும். வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு. இரண்டையும் கலந்தால் வேகமாகச் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ப்ளீச்சுக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. குட்டிக்குப் பார்வோ (கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் வைரஸ் நோய்) வந்த வீட்டில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது. முதலில் அழுக்கைக் கழுவி எடுத்துவிட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டுக் கழுவுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பலனில்லை.

முடிக்கு ஒரே மருந்து சீப்பு. தினமும் ஐந்து நிமிடம் வெளியே வைத்து வாரிவிட்டால் வீட்டுக்குள் உதிர்வது பெருமளவு குறையும். மிச்சத்தை லேசாக நனைத்த ரப்பர் கையுறையால் சோபாவில் தடவினாலே உருண்டு வந்துவிடும். படுக்கைக்கு மேல் பழைய போர்வை ஒன்றை விரித்து, வாரம் ஒருமுறை அதைச் சுடுநீரில் துவையுங்கள்.

துவைப்பது முடிக்காக மட்டுமல்ல. தெள்ளுப்பூச்சி இருக்கும் வீட்டில் நாயின் மேல் நீங்கள் காண்பது மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகப் படுக்கையிலும் தரை இடுக்கிலும் கிடக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் சில வாரத்தில் பழைய கதைதான். பழுப்பு உண்ணியும் இதே ரகம். இரத்தம் குடித்துக் கீழே விழுந்து, சுவர் விரிசல், கதவு நிலை, திரைச்சீலை மடிப்பு என்று மேல்நோக்கி ஏறி ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிசல்களை ஒருமுறை பூசி அடைப்பது, மாதாமாதம் பூச்சிமருந்து அடிப்பதைவிட மலிவு. பிடித்த உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வீட்டுப் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயை நாயின் மேல் அடித்துவிட்டு, நடுங்கும் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். அதில் வரும் உருளைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால், மண்ணில் விளையாடும் குழந்தைக்கு அங்கிருந்து ஒட்டாது. குடற்புழு மருந்தையும் தவறவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் வாடை போகவில்லையா? அப்படியானால் தரையை விட்டுவிட்டு நாயைப் பாருங்கள். காதைத் தூக்கி மோந்து பாருங்கள், வாயையும் வால் அடியையும் பாருங்கள். காதில் பூஞ்சை, சொத்தைப் பல், நிரம்பிய மலவாய்ச் சுரப்பி எல்லாம் வீடு முழுக்க நாறும்.

வயதான நாய் ஒன்று வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது என்று ஒருவர் மாதக்கணக்கில் ஒவ்வொரு திரவமாக மாற்றிப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று கேட்டேன். "ஆமாம், கிண்ணம் கிண்ணமாக." சோதித்தால் சர்க்கரை. நன்றாகப் பழகிய நாய் திடீரென்று உள்ளே நனைக்க ஆரம்பித்தால், துடைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, மூடி, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.