தாவரங்களில் விளையும் பூச்சி ஹார்மோன்

பூச்சியின் மேல்தோல் உடலோடு சேர்ந்து விரிந்துகொடுக்காத இறுகிய உறை. எனவே ஒரு புழு வளர வேண்டுமானால் அந்தத் தோல் கழன்றாக வேண்டும். பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்தாம் பருவத்தின் முடிவில் கூடு கட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாக மாறுகிறது. எப்போது உரிக்க வேண்டும் என்பதை உடலெங்கும் அறிவிக்கும் ஹார்மோனை ஜெர்மானிய உயிர்வேதியியலாளர்கள் அடால்ஃப் புட்டெனான்டும் பீட்டர் கார்ல்சனும் 1954-இல் பிரித்தெடுத்தார்கள். 500 கிலோ கூட்டுப்புழுக்களை அரைத்து வடித்த பிறகு அவர்கள் கையில் மிஞ்சியது 25 மில்லிகிராம் படிகம். எக்டைசோன் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருள் கொலஸ்டிராலிலிருந்து உருவாகும் ஒரு ஸ்டீராய்டு என்பதை 1965-இல் எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது.

அடுத்த ஆண்டே, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து இதே வகைப் பொருள் கிடைத்தது. ஜப்பானிய வேதியியலாளர் கோஜி நகானிஷியின் குழு, தைவானில் வளரும் போடோகார்பஸ் என்னும் ஊசியிலை மர வகையின் இலைகளில் பொனாஸ்டெரோன் ஏ என்னும் ஸ்டீராய்டைக் கண்டது. அதே மரக் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய இனம் ஒன்றில், பூச்சிகளின் உடலில் உண்மையில் வேலை செய்யும் வடிவமான 20-ஹைட்ராக்சி எக்டைசோனே இருந்தது. ஐரோப்பியப் பெரணி ஒன்றின் உலர்ந்த கிழங்கு சில கிராம் இருந்தால் போதும், புட்டெனான்ட் அரை டன் புழுவிலிருந்து பெற்ற அளவுக்கு இந்த ஹார்மோனை எடுத்துவிடலாம். இன்று தாவரங்களில் இவ்வகைப் பொருள்கள் நூற்றுக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. நம் வேலியோரத்து நாயுருவியிலும், சித்த மருத்துவத்தில் வழங்கும் சீந்திலிலும், கடையில் வாங்கும் பாலக் கீரையிலும் 20-ஹைட்ராக்சி எக்டைசோன் உண்டு.

தாவரத்துக்கு இதனால் என்ன பயன் என்பதை அறிய, புழுவின் உடலில் ஹார்மோன் இயங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். புழுவின் முன்மார்பிலுள்ள சுரப்பி எக்டைசோனைச் சுரக்கிறது; மற்ற திசுக்கள் அதன் 20-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்துச் செயலூக்கம் தருகின்றன. இப்படி மாறிய மூலக்கூறு செல்லின் உட்கருவிலுள்ள ஏற்பிப் புரதத்தில் பொருந்தியதும், அந்த ஏற்பி டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட சில மரபணுக்களை இயக்க, அவை மேலும் பல மரபணுக்களை இயக்குகின்றன. பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் உருவாகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, ஹார்மோனின் அளவு உயர்வது மட்டும் போதாது என்பதுதான். உயர்ந்த அளவு மீண்டும் சரிந்தால்தான் பழைய தோலை உதறித் தள்ளும் கடைசிக் கட்டம் தொடங்கும். இலையோடு சேர்த்து ஹார்மோனையும் ஓயாமல் உண்ணும் புழுவின் உடலில் அந்தச் சரிவு நேர்வதில்லை. கிழக்கு ஆப்பிரிக்க மூலிகையான அஜுகா ரெமோட்டாவின் சாற்றைப் பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்களுக்கு உணவில் கலந்து கொடுத்தபோது, அவை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தலை உறைகளைச் சுமந்தன. வாய் மூடிப்போனதால் உண்ண முடியாமல் அவை மடிந்தன. தாவரம் புழுவைக் கொல்ல நஞ்சு எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. புழுவின் சொந்தக் கட்டளையை வேளை தவறிக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது.

எல்லாப் பூச்சிகளும் இப்படி வீழ்வதில்லை. பல பயிர்களைத் தின்று பழகிய பச்சைக் காய்ப்புழு, உண்ட ஹார்மோனோடு கொழுப்பு அமிலத்தை இணைத்து, அதைச் செயலற்றதாக்கி வெளியேற்றிவிடுகிறது. முட்டைக்கோசு வண்ணத்துப்பூச்சியின் புழு சுவையிலேயே இனங்கண்டு ஒதுக்குகிறது. பாலக் கீரையின் வேரைக் காயப்படுத்தினால் அங்கே இந்த ஸ்டீராய்டின் அளவு கூடுகிறது என்பது, அது தற்காப்புக்கானதே என்பதற்கு நல்ல சான்று.

வேளை எவ்வளவு முக்கியம் என்பதைப் பட்டு வளர்ப்போர் நடைமுறையிலேயே காட்டுகிறார்கள். ஐந்தாம் பருவத்தின் இறுதியில், புழுக்கள் முதிரத் தொடங்கும் நேரத்தில், தாவரத்திலிருந்து எடுத்த இந்த ஹார்மோனை மல்பெரி இலையில் தெளித்துக் கொடுத்தால் எல்லாப் புழுக்களும் ஏறத்தாழ ஒன்றாக முதிர்கின்றன. முதிர்ந்தவற்றைத் தேடித் தேடிப் பொறுக்கி, கூடு கட்டுவதற்கான தட்டாகிய சந்திரிகையில் விடும் வேலை வெகுவாகக் குறைகிறது. காய்ப்புழுவைக் கொன்ற அதே வகைப் பொருள் இங்கே கூலியை மிச்சப்படுத்துகிறது.

மனித உடலில் எக்டைசோன் ஏற்பி இல்லை. எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 9 கிராம் வரை வாய்வழி கொடுத்தும் 20-ஹைட்ராக்சி எக்டைசோன் கொல்லவில்லை. இந்த அமைதியையே உயிரியலாளர்கள் கருவியாக்கிக் கொண்டார்கள்: 1996-இல் பூச்சியின் ஏற்பியைப் பாலூட்டிச் செல்களில் புகுத்தி, ஐபோமியா என்னும் கொடியின் விதையிலிருந்து கிடைக்கும் மியூரிஸ்டெரோன் ஏ என்னும் இவ்வகைப் பொருளைக் கொண்டு தாங்கள் விரும்பிய மரபணுவை விரும்பிய நேரத்தில் இயக்கிக் காட்டினார்கள்.

ஆனால் அது முழு அமைதியும் அல்ல. சைபீரியாவின் மரால் வேர் என்னும் மூலிகை களைப்பைப் போக்கும் என்ற நாட்டு வழக்கைப் பின்பற்றிச் சோவியத் ஆய்வாளர்கள் தேடியபோது, அதிலுள்ள இந்த ஸ்டீராய்டு எலிகளின் தசையில் புரத உருவாக்கத்தைக் கூட்டுவதைக் கண்டார்கள். ஆண் ஹார்மோன் ஏற்பியோடு அது இணைவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. மனிதரில் முடிவுகள் ஒன்றுபடவில்லை. 2006-இல் 45 ஆண்கள் பங்கேற்று, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கொடுத்த ஆய்வில் பயன் எதுவும் இல்லை. 2019-இல் 46 இளைஞர்கள் பத்து வாரம் பங்கேற்ற ஜெர்மானிய ஆய்வில் தசையும் வலுவும் கூடின. அதன் பிறகு 2020-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஜெர்மானிய ஆய்வு வெளிப்படுத்திய இன்னொரு செய்தியையும் உடற்பயிற்சிக் கூடங்களில் இதை வாங்கும் இளைஞர்கள் அறிய வேண்டும்: 100 மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரையில் இருந்தது 6 மில்லிகிராம் மட்டுமே. கீரை தின்று தசை வளர்க்கலாம் என்ற பேச்சுக்கும் இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

புழுவில் இந்த ஹார்மோனை ஏற்கும் புரதத்தின் மரபணு 1991-இலேயே பழ ஈயிலிருந்து பிரித்தறியப்பட்டது. மனிதத் தசையில் அதை ஏற்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் பீட்டா வடிவம் என்று ஜெர்மானியக் குழு ஒன்றும், செல் சவ்விலுள்ள மாஸ் என்னும் ஏற்பி என்று பிரெஞ்சுக் குழு ஒன்றும் வாதிடுகின்றன. முதுமையில் தசை தேய்வோருக்கான மருந்தாக 20-ஹைட்ராக்சி எக்டைசோனைச் சோதித்து வருவது இந்தப் பிரெஞ்சுக் குழுதான்.