சவர்க்காரமும் கார் ஷாம்பூவும் ஒண்டில்லை

கடையில சவுக்காரம் எண்டு கேப்பம், எழுதேக்க சவர்க்காரம். தமிழ்நாட்டில சோப்பு, சிங்களத்தில சபன், அது போர்த்துக்கீசர் விட்டுட்டுப் போன சொல். எங்கட சொல்லின்ர வேர் வடமொழி, சோடாக்காரத்துக்கு அங்க சர்ஜிகாக்ஷாரம் எண்டு பேர். சவர்த்தண்ணியில வாற சவரும் காதில சேர்ந்து கேக்கிறதாலதான் இது எங்கட வாயில இவ்வளவு ஒட்டினது எண்டு நினைக்கிறன்.

கவனிக்கவேண்டியது சொல்லின்ர கடைசியில நிக்கிற காரம், உறைப்பில்லை, புளிப்புக்கு (அமிலத்துக்கு) எதிரான சாதி. எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோட சேர்த்தாத்தான் சவர்க்காரம் வரும். அந்தக் காரத்தை, அதுதான் கோஸ்டிக் சோடாவை, ஒருகாலம் எங்கட பரந்தன் கெமிக்கல் பக்டரியில ஆனையிறவு உப்பில இருந்துதான் செய்தவை, சண்டையோட அது நிண்டுபோச்சு.

உடுப்புச் சவுக்காரத்தைக் கரைச்சு கார் கழுவுற ஆக்களுக்கு இந்தச் சொல்லிலயே விடை இருக்கு. காரம் பெயின்ற்றுக்கு மேல பூசின மெழுகைக் கழட்டிப்போடும். அதோட வன்னியில கனக்கக் கிணத்துத் தண்ணி கேத்திலுக்க வெள்ளையாப் படியிற தண்ணி, அதில இருக்கிற கல்சியம் சவர்க்காரத்தோட சேர்ந்தா நுரைக்காமத் திரளும், வெயிலில காய்ஞ்சா பொனற்றிலயும் கண்ணாடியிலயும் சாம்பல் நிறத்தில திரை மாதிரி நிக்கும், பிறகு எவ்வளவு தேய்ச்சாலும் லேசில போகாது. பாத்திரம் கழுவுற லிக்குயிட் அப்பிடித் திரளாது, ஆனா எண்ணெய்ப்பிசுக்கு எடுக்கவெண்டே செய்தது, மெழுகையும் விட்டுவைக்காது.

கார் ஷாம்பூ வேற சாதி. ஷாம்பூ எண்டது ஹிந்தியில அமத்து, பிசை எண்ட அர்த்தத்தில வாற சொல், 18ஆம் நூற்றாண்டில இங்கிலீசுக்குப் போகேக்க உடம்பு பிடிச்சுவிடுறதைத்தான் குறிச்சது, தலைக்குப் போடுறது பிறகு வந்தது. வாங்கேக்க போத்தலில பிஎச் 7க்குக் கிட்ட இருக்கோ எண்டு பாருங்கோ, காரமும் இல்லை புளிப்பும் இல்லை எண்டு அர்த்தம். சோப்புக்குத் தனித்தமிழ் ஆக்கள் வழலை எண்டுவினம், வடிவான சொல், ஆனா சவர்க்காரமே இல்லாத இந்தக் கார் ஷாம்பூவுக்கு அதை வைக்கேலாது, கழுவுநீர்மம் எண்டா சரியா வரும்.

வக்ஸுக்குச் சொல் தேடத் தேவையில்லை, மெழுகு. கார்னோபா எண்டு விக்கிறது பிரேசிலில நிக்கிற ஒரு பனைச்சாதியின்ர ஓலையில இருந்து எடுக்கிறது, வெக்கையில ஓலை காயாமல் இருக்க மரம் தானே பூசிக்கொள்ளுற மெழுகு அது. கிரவல் றோட்டால வந்த காரெண்டா முதல் தண்ணி அடிச்சுத் தூசை இறக்குங்கோ, பிறகு ஷாம்பூ, நல்லாக் காய்ஞ்சபிறகு நிழலில வச்சு மெழுகு.