யாரெல்லாம் வர்றீங்க? பெண்கள் காற்பந்துக்குக் கூட்டம் சேரும் கணக்கு

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் சிங்கப்பூரின் ஜாலான் புசார் விளையாட்டரங்கில் பெண்கள் காற்பந்து ஆட்டம். பள்ளி அணித் தோழிகள் ஏழு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "இன்னிக்கு மேட்ச் போலாமா?" என்று காலையிலேயே கேட்டுவிட்டாள். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை எல்லாரும் இருக்கும் குழு, பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். சாரத்தை மட்டும் தமிழில் சொல்கிறேன். ஏழு பேரும் செய்தியைப் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்துவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து ஒருத்தி எழுதினாள்: "யாரெல்லாம் வர்றீங்க?" அடுத்தவளும் அதையே கேட்டாள். மூன்றாமவளும் அதையே.

"வர ஆசை இல்லாதவ ஒருத்தியும் இல்ல அத்தை. ஆனா முதல்ல யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

பெண்கள் காற்பந்துக்கு ஏன் கூட்டம் வருவதில்லை என்று காலங்காலமாகக் கேட்கிறார்கள். சில ஊர்களில் இப்போது ஏன் இவ்வளவு கூட்டம் வருகிறது என்றும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் விடை அந்தக் குழுவிலேயே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

1978இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கலவரம். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் ஓர் எண் இருக்கிறது என்றார்: எத்தனை பேர் இறங்கினால் நானும் இறங்குவேன் என்ற எண். நான் இதைத் துணை எண் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு ஊரில் நூறு பேர். முதல் ஆளின் துணை எண் 0. யார் வந்தாலும் வராவிட்டாலும் அவர் கிளம்பிவிடுவார். அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. முதல் ஆள் கிளம்புகிறார், அவரைப் பார்த்து இரண்டாமவர், இருவரையும் பார்த்து மூன்றாமவர். கடைசியில் நூறு பேரும் அரங்கில் இருப்பார்கள்.

இப்போது ஒரே ஒரு ஆளை மட்டும் மாற்றுங்கள். துணை எண் 1 உள்ளவருக்குப் பதிலாக 2 உள்ள இன்னொருவர். முதல் ஆள் கிளம்புகிறார். ஒருவரை மட்டும் பார்த்துக் கிளம்பக்கூடியவர் ஊரில் யாரும் இல்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

இரண்டு ஊரிலும் ஆர்வத்தைச் சராசரி எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றேதான் வரும். ஓர் ஊரில் அரங்கு நிறைகிறது, இன்னோர் ஊரில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். காலி இருக்கையைப் பார்த்து "யாருக்கும் ஆர்வம் இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் சறுக்குவது இங்கேதான். இருக்கை எவ்வளவு காலி என்பது தெரியும். உள்ளே எவ்வளவு ஆசை அடைந்து கிடக்கிறது என்பது அதை வைத்துத் தெரியாது.

அந்த ஆசை முன்பே இருந்தது என்பதற்கு நூறாண்டு பழைய சாட்சி உண்டு. 1920 டிசம்பர் 26, லிவர்பூலின் குடிசன் பார்க் அரங்கு. பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த டிக் கெர் அணிக்கும் செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கும் ஆட்டம். உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வசூல் தர்ம காரியத்துக்குப் போனது. ஓராண்டுகூட முழுதாகப் போகவில்லை. 1921 டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் உறுப்பினர் மன்றங்களின் திடல்களைப் பெண்கள் அணிகளுக்குத் தரக்கூடாது என்று உத்தரவு போட்டது. விளையாடாதே என்று சொல்லவில்லை. இடத்தைப் பிடுங்கிக்கொண்டது. பூங்காவின் புல்தரையில் 53,000 பேரை எங்கே உட்கார வைப்பது? அந்தத் தடை சுமார் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை இதே போல ஒரு தடை, பிரேசிலில் 1941 முதல் 1979 வரை.

தடைகள் தளரத் தொடங்கிய காலத்திலேயே, 1971இல், மெக்சிகோவில் பெண்கள் உலகப் போட்டி ஒன்று நடந்தது. அனைத்துலகச் சம்மேளனமான ஃபிஃபா அதை அங்கீகரிக்கவில்லை. அஸ்டெக்கா அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் டென்மார்க் 3-0 என்று மெக்சிகோவை வென்றதைப் பார்க்க ஏறத்தாழ 1,10,000 பேர் வந்தார்கள் என்று சொல்வார்கள்.

இவ்வளவு பேர் ஒருநாள் வந்தார்கள் என்றால், மறுவாரம் எங்கே போனார்கள்?

இதைப் புரிந்துகொள்ள நமக்கு லிவர்பூல் வேண்டாம், காலாங் போதும். என் அப்பா 1970களில் சிங்கப்பூர் ஆடிய மலேசியக் கிண்ண ஆட்டங்களுக்குக் காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்குக்குப் போனவர். அன்றைய சிங்கப்பூர் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் சமது அல்லாபிச்சை பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றுவதை எங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே நடித்துக் காட்டுவார். காலாங் முழக்கம் என்று இன்றும் சொல்கிறார்களே, அதற்குள் அவருடைய தொண்டையும் இருந்தது. சிங்கப்பூர் 1994இல் கிண்ணத்தை வென்றது, அதோடு மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996இல் எஸ்.லீக் என்ற உள்ளூர்த் தொழில்முறை லீக் தொடங்கியது. நாடு அதே நாடு, காற்பந்தும் அதே காற்பந்துதான், ஆனால் அந்தக் கூட்டம் வாராந்தர லீக்குக்கு இடம் மாறி வரவில்லை. அப்பாவும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "என்கூட வந்தவங்க யாரும் போகலையேம்மா" என்பார்.

பெரிய ஆட்டத்துக்கு எல்லாருடைய துணை எண்ணும் ஒரே நாளில் நிறைவேறிவிடுகிறது. பத்திரிகை, தொலைக்காட்சி, காப்பிக்கடைப் பேச்சு எல்லாம் சேர்ந்து "ஊரே போகுது" என்று சொல்லிவிடும். வார ஆட்டத்துக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. அமெரிக்கா இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1999 பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு ரோஸ் பௌல் அரங்கில் 90,185 பேர். அந்தச் சூட்டோடு 2001இல் தொழில்முறை லீக் ஒன்றை ஆரம்பித்தார்கள். முதல் ஆட்டத்துக்கு 34,000 பேருக்கு மேல் வந்தார்கள். 2003இல் அந்த லீக் மூடப்பட்டது. அடுத்து 2009இல் வந்த லீக்கும் மூன்று பருவங்கள்தான் தாங்கியது. 2013இல் மூன்றாவது முயற்சியாகப் பிறந்த என்டபிள்யூஎஸ்எல் ஆரவாரம் இல்லாமல் தொடங்கி, 2024 பருவத்தில் மொத்தம் 20 லட்சம் பார்வையாளர்களைத் தாண்டியது.

சரி, என்ன மாறியது? பல காரணங்கள் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த காரணம் அரங்கின் அளவு, ஏனென்றால் அதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது.

தேக்கா நிலையத்தில் நீள வரிசை நிற்கும் பிரியாணிக் கடையில்தான் நாமும் போய் நிற்கிறோம். அங்கே கூட்டம் நமக்கு ஒரு தகவல்: சாப்பாடு நன்றாக இருக்கும் போலிருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தால் நமக்கு நஷ்டம்தான், அரை மணி நேரம் கால் வலிக்கும். விளையாட்டரங்கில் அப்படி இல்லை. அங்கே நாம் வாங்குவதில் பாதி அந்தக் கூட்டமேதான். சத்தம் இல்லாத ஆட்டத்தைப் பார்ப்பது உப்பில்லாத சோறு.

அந்தச் சத்தத்துக்கு ஒரு விதி உண்டு. சத்தத்தை அளக்கும் அலகு டெசிபெல். கத்துகிறவர்கள் இரு மடங்கானால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தம் போலத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு ஆட்கள் தேவை. ஆயிரம் பேரைப் பத்தாயிரம் ஆக்குவது எளிதா? இன்னொரு வழி இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். அதாவது, இருக்கிறவர்களைப் பாதித் தூரத்துக்கு நெருக்கி உட்கார வைத்தால், உங்கள் காதுக்கு நான்கு மடங்கு ஆட்கள் வந்த மாதிரி. மேலே கூரையும் இருந்தால் மேலே போக வேண்டிய ஒலியும் திரும்பி வரும். இருக்கிற 5,000 பேரை 60,000 இருக்கைகளில் தூவினால், அவர்கள் ஒவ்வொருவரும் தனியாக வந்தவர் போல உணர்வார்கள். தனியாக உணர்ந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 2024 மார்ச்சில் திறந்த அரங்கு பெண்கள் தொழில்முறை அணிக்கென்றே கட்டப்பட்டது. இருக்கைகள் 11,500 மட்டும். முதல் பருவத்தில் லீக் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் நுழைவுச்சீட்டு விற்றுத் தீர்ந்தது. விற்றுத் தீர்ந்தது என்ற சொல்லே அடுத்தவரின் துணை எண்ணை நிரப்பிவிடுகிறது.

லண்டனின் ஆர்சனல் மன்றம் எதிர்த் திசையில் போனது, ஆனால் படி ஏறுவது போல ஒவ்வொன்றாக. நெடுங்காலம் பெண்கள் அணி ஆடியது சில ஆயிரம் பேர் கொள்ளும் புறநகர்த் திடலில். 2022இல் இங்கிலாந்துப் பெண்கள் அணி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. வெம்பிளியில் நடந்த இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 87,192 பேர். அந்த நாளின் சூடு ஆறுவதற்குள் மன்றம் தன் பெரிய அரங்கான எமிரேட்ஸில் பெண்களுக்குச் சில ஆட்டங்கள் ஒதுக்கியது, ஆண்டுக்கு ஆண்டு அதைக் கூட்டியது. 2024 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 60,160 பேர் வந்தார்கள், லீக்கில் புதிய சாதனை. ஒரு முறை வந்தவரிடம் அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே என்று உடனே சொல்ல முடிந்ததுதான் அவர்கள் பெற்ற லாபம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், செய்திகளில் வரும் சராசரியை அப்படியே நம்பக் கூடாது. 12 அணிகள் உள்ள லீக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணிக்கு 29,000 பேர், மற்ற 11 அணிகளுக்கும் தலா 4,500 பேர். சராசரி 6,500ஐத் தாண்டிவிடும். ஆனால் அந்த 6,500 பேர் எந்த அரங்கிலும் கிடையாது! இங்கிலாந்து லீக்கின் நிலைமை ஏறக்குறைய இதுதான். 2023-24இல் சராசரி ஏழாயிரத்தைத் தாண்டியது, அடுத்த பருவத்தில் பத்தில் ஒரு பங்கு போலக் குறைந்தது. வளர்ச்சி நேர்கோட்டில் போகாது. கூட்டத்தின் நடுப்பகுதி வளர்ந்ததா என்று பார்க்க இடைநிலை அளவுதான் சரி: அணிகளைக் கூட்டத்தின் அளவுப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேளுங்கள்.

அப்புறம், இலவச நுழைவுச்சீட்டு. கூட்டம் காட்ட வேண்டும் என்று சீட்டை வாரி இறைப்பது எந்த ஊரிலும் நடப்பது. 1985இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் பதில். ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. யாருக்கு எது என்பது தற்செயல். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு ஆளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. இலவசச் சீட்டு உள்ளவருக்கு வானம் கொஞ்சம் கறுத்தாலே போதும், வீட்டிலேயே இருந்துவிடுவார். மழைக்குப் பெயர் போன நம் ஊரில் இதை யோசித்தே ஆக வேண்டும். கூடியமட்டும் சின்ன விலையாவது வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் ஊரின் நிலைமையை மறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. 1975இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசியப் பெண்கள் போட்டியிலேயே சிங்கப்பூர் ஆடியது. இன்று டேனல் டான் என்ற நம் பெண் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் மன்றத்துக்கும், பிறகு ஜப்பான் லீக்கிலும் ஆடப் போயிருக்கிறார். உள்ளூர்ப் பெண்கள் லீக்கும் நடக்கிறது. நான் படித்த பள்ளியில் பந்தை உதைக்க ஆசைப்பட்ட எங்களிடம் வலைப்பந்தைக் கொடுத்து "இதுதான் உங்களுக்கு" என்றார்கள். அண்ணன் மகளுக்கு அந்தக் குறை இல்லை. குறை இப்போது இருக்கைப் பக்கம்.

அந்தச் சனிக்கிழமை ஏழு பேரில் மூன்று பேர் வந்தார்கள், நானும் ஒரு துணைக்கு. முதல் பாதியில் வந்திருந்த கூட்டம் ஆளுக்கொரு மூலையில் சிதறி இருந்தது. எங்களுக்கு நான்கு வரிசை கீழே ஒரு வீராங்கனையின் பாட்டி, மடியில் தண்ணீர்ப் புட்டி. அரை மணி நேரத்தில் மின்னல் எச்சரிக்கை வந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். மூன்றில் ஒரு பங்கு பேர் எழுந்து போய்விட்டார்கள். சாரல் அடித்ததால் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் கூரைக்குக் கீழே நடுவில் வந்து ஒடுங்கினோம். பாட்டி எங்களுக்கு முறுக்கு நீட்டினார். ஆட்டம் மறுபடி தொடங்கியபோது ஆள் குறைவு, சத்தம் அதிகம். கோல் விழுந்தபோது என் காதை நானே பொத்திக்கொண்டேன்.

ஃபேரர் பார்க் நிலையத்துக்கு நடக்கும்போது அவள் மறுபடி கைப்பேசியை எடுத்தாள். என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்தேன். "அடுத்த சனி நான் போறேன்" என்று போட்டிருந்தாள். கேள்விக்குறி இல்லை. ரயில் வருவதற்குள் இரண்டு பேர் "நானும்" என்றார்கள், ஒருத்தி மட்டும், "இப்ப எத்தனை பேர் ஆச்சு?" என்று கேட்டாள்.