வழு: இலக்கண வகுப்பிலிருந்து கைபேசிக்குள் வந்த சொல்

வழு என்ற சொல்லின் அடியில் இருப்பது வழுக்குதல். பாசி பிடித்த படித்துறையில் கால் வைத்தால் நேர்வது. வழுவழுப்பு, வழுக்கு, வழுவுதல் எல்லாம் ஒரே குடும்பம். குமரி மாவட்டத்துச் சாலையோரங்களில் இளநீர் வெட்டுபவரிடம் வழுக்கை உள்ள காயாகக் கேட்டு வாங்குகிறோமே, அந்த வழுக்கையும் இதற்கு உறவுதான். களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் வழுக்கி விழுவதை ‘வழுதி வீழுக’ என்பார்கள். கால் வழுக்குவதிலிருந்து நாக்கு வழுக்குவதற்குப் பொருள் நீண்டது. ஒழுக்கம் உடையவர் தீய சொல்லை ‘வழுக்கியும்’ வாயால் சொல்லமாட்டார் என்கிறது 139ஆம் குறள். அங்கிருந்து பிழை, குறை, முறை தவறுதல் என்ற பொருள்களுக்கு வந்துசேர்ந்தது. ‘வழுத்துதல்’ வேறு சொல்; அதற்குப் போற்றுதல் என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

மென்பொருளில் உள்ள குறையை ஆங்கிலத்தில் ‘பக்’ என்கிறார்கள். கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள் அதற்கு வழு என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வழு அறிக்கை, வழுநீக்கி என்று அது கிளைத்தும்விட்டது. யார் முதலில் எடுத்தாரோ, அவருக்கு இலக்கணம் தெரிந்திருக்கிறது.

‘பக்’ என்பதன் கதையை முதலில் முடித்துவிடலாம். அதற்கு நேர்ப்பொருள் பூச்சி. கருவிகளில் தென்படும் சிறு கோளாறுகளைத் தாமஸ் எடிசன் 1878இல் எழுதிய கடிதத்திலேயே அப்படிக் குறிப்பிட்டிருக்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் மின்தொடுப்பு ஒன்றில் சிக்கிக்கிடந்த அந்துப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையிலேயே பூச்சி கிடைத்த முதல் நிகழ்வு என்று குறும்பாக எழுதிவைத்தார்கள். அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால்தான் அந்தக் குறும்பு பலித்தது. பூச்சியோடு சேர்ந்து பிறந்த சொல் அது என்று கணினி வகுப்புகளில் சொல்லப்படுவது சரியல்ல.

பூச்சி வெளியிலிருந்து வருவது. யாரும் அழைக்காமல் தானே புகுந்துகொள்வது. ‘ஒரு பக் காரணமாகச் சில பயனர்களின் படங்கள் வெளியே தெரிந்தன’ என்று ஒரு நிறுவனம் அறிக்கை விடும்போது அந்த வாக்கியத்தில் செயலைச் செய்தது பூச்சி. வழுவுக்கு அந்த வசதி இல்லை. வழுவியது என்றால், எது வழுவியது, எந்த நெறியிலிருந்து வழுவியது என்ற கேள்விகள் ஒட்டிக்கொண்டே வரும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தமிழ் இலக்கணத்தில் வழு தனியாக நிற்பதில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று உண்டு. ‘அவன் வந்தான்’ என்பது வழாநிலை. ‘அவன் வந்தது’ என்பது வழு. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் அது வழுவமைதி. இந்த எடுத்துக்காட்டு பள்ளிப் புத்தகத்தில் இருப்பது. மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ‘அம்மை’ பழந்தமிழாகத் தோன்றலாம். குமரிப் பிள்ளைகளுக்கு அது வீட்டில் கூப்பிடும் சொல். அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது வழுதான். ஆனால் சொன்னவனுடைய அன்பு அதற்குக் காரணமாக இருப்பதால் இலக்கணம் அதை அமைத்துக்கொள்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்கலாம் என்கிறார் நன்னூலார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: வழுவமைதி என்று சொல்பவர் முதலில் அது வழு என்பதை ஒப்புக்கொள்கிறார். பிறகு காரணத்தை வெளிப்படையாகக் காட்டுகிறார். காரணம் இல்லாமல் அமைதி இல்லை.

மென்பொருள் நிறுவனத்துக்கு ஒருவர், ‘உங்கள் செயலியில் மற்றவர்களின் அந்தரங்கம் தெரிகிறது’ என்று எழுதிப்போட்டால் வரும் பதில்களை இந்த மூன்று பெட்டிகளில் போட்டுப் பார்க்கலாம். சச்சரவுகளில் பெரும்பாலானவை, ஒரு பெட்டியில் இருக்க வேண்டியதை இன்னொன்றில் போடுவதால் வருபவை.

2013இல் பாலஸ்தீனத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், நட்பு வட்டத்தில் இல்லாதவரின் ஃபேஸ்புக் பக்கத்திலும் யார் வேண்டுமானாலும் பதிவு போட முடிகிறது என்று அந்நிறுவனத்துக்கு அறிவித்தார். இது வழு அல்ல என்று பதில் வந்தது. அவர் அந்த வழியைப் பயன்படுத்தி மார்க் ஸக்கர்பெர்க்கின் பக்கத்திலேயே பதிவு போட்டுக் காட்டினார். உடனே கவனித்தார்கள், சரிசெய்தார்கள், அவருடைய கணக்கையும் சிறிது காலம் முடக்கினார்கள். அவரிடம் பேசிய விதத்துக்குப் பின்னர் வருத்தம் தெரிவித்தார்கள். விதிமுறையை மீறி இன்னொருவர் கணக்கில் சோதித்துவிட்டார் என்று, குறையைக் கண்டு சொல்பவருக்குத் தரும் சன்மானத்தை மட்டும் தரவில்லை. வழுவை வழாநிலை என்று சொன்னவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை, நிரூபித்தவர் வழுவிவிட்டாராம்.

வழுவமைதியை முறையில்லாமல் கோரியதற்கு ஸூம் நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கதை பொருத்தமானது. ஆப்பிளின் மேக் கணினிகளில் ஸூம் செயலி, வலைத்தளங்களின் கட்டளையைக் கேட்டு இயங்கும் ஒரு சிறிய வலைச் சேவையகத்தைப் பயனர் அறியாமல் நிறுவிவைத்திருந்தது. ஏதோ ஒரு வலைத்தளத்தைத் திறந்தாலே போதும், அது பயனரைக் கூட்ட அழைப்பில் சேர்த்து, கேமராவையும் இயக்க முடியும். செயலியை நீக்கினாலும் அந்தச் சேவையகம் போகாது. தேவைப்பட்டால் செயலியை மீண்டும் நிறுவிக்கொள்ளும். ஓர் ஆய்வாளர் மார்ச் மாதம் இதைத் தெரிவித்து 90 நாள் அவகாசமும் கொடுத்தார். சன்மானம் தருகிறோம், ஆனால் வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. ஜூலையில் எல்லாவற்றையும் வெளியிட்டார். நிறுவனம் முதலில் சொன்ன பதில், சஃபாரி உலாவியின் புதிய பதிப்பு கூடுதலாக ஒரு சொடுக்கைக் கேட்கிறது, பயனருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் அப்படி வடிவமைத்தோம் என்பது. அதாவது காரணம் உண்டு, ஆகவே அமைதி. ஆனால் அந்த ஒரு சொடுக்குதான் ‘உன் கேமராவைத் திறக்கட்டுமா’ என்று பயனரிடம் கேட்கும் இடம். அதை நீக்கியதன் ஆதாயம் நிறுவனத்துக்கு, ஆபத்து பயனருக்கு. எதிர்ப்பு எழுந்த மறுநாளே நிறுவனம் சேவையகத்தை நீக்கும் ஒட்டு ஒன்றை (‘பேட்ச்’ எனப்படும் திருத்தம்) வெளியிட்டது. அதற்கடுத்த நாள் ஆப்பிள் நிறுவனமும் பயனர்களின் கணினிகளிலிருந்து அதைத் தானாக அகற்றியது. அன்புக்காக மாட்டை அம்மை என்று அழைக்கலாம். ஒரு சொடுக்கை மிச்சப்படுத்தக் கேமராவைத் திறந்துவைப்பதற்கு அந்த ஐந்து காரணங்களில் எதுவும் பொருந்தவில்லை.

வேண்டுமென்றே அப்படி அமைத்தோம் என்ற பதில் எப்போதும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வரைபடச் செயலிக்கு இருப்பிடம் தெரியத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்பவர் காரணத்தையும், அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதி சொல்லி நிறுத்தினால் அது குன்றக் கூறல் என்ற வேறொரு குற்றம்.

நன்னூல் சொல்லும் வழுக்கள் ஏழு: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இவற்றில் விடை வழுவைத் தொல்காப்பியர் செப்பு வழு என்பார். ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ என்பது கிளவியாக்கச் சூத்திரம். கேள்வியும் பதிலும் வழுவாமல் காக்க வேண்டும் என்று பொருள். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் நின்று குளச்சலுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்க, ‘பயணிகளின் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை’ என்று பதில் வந்தால் எப்படி இருக்கும்? தனியுரிமைக் குறைகளுக்கு நிறுவனங்கள் அனுப்பும் பதில்களின் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. உங்கள் தனியுரிமையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். சரி, எத்தனை பேருடைய தகவல் தெரிந்தது, எத்தனை நாள் தெரிந்தது?

கூகுள் நடத்திய சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் விவகாரத்தில் அந்தக் கேள்விக்கு விடையே இருக்கவில்லை. பயனர்கள் பொதுவில் வைக்காத பெயர், மின்னஞ்சல், தொழில் போன்ற விவரங்களை வெளிச் செயலிகள் எடுக்கக்கூடிய ஒரு குறையை 2018 மார்ச்சில் கூகுளே கண்டுபிடித்து மூடியது. வெளியே சொல்லவில்லை. அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியபோதுதான் 5,00,000 கணக்குகள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது. தவறாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னது. ஆனால் எந்தச் செயலி எதை எடுத்தது என்று காட்டும் பதிவுக் குறிப்புகளை இரண்டு வாரங்களுக்கு மட்டுமே வைத்திருப்பது வழக்கம், தனியுரிமை கருதி. தடம் இரண்டு வாரத்துக்குமேல் இல்லை என்றால் ஆதாரம் எங்கிருந்து கிடைக்கும்? அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு குறை நுழைந்தது; அது 5.25 கோடிப் பேரைத் தொட்டது. பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.

பதில் சொல்வதற்கு முன்னால் கேள்வி போய்ச்சேர வேண்டும். 2019 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன், ஆப்பிளின் காணொலி அழைப்புச் செயலியான ஃபேஸ்டைமின் குழு அழைப்பில் எதிர்முனையில் இருப்பவர் எடுப்பதற்கு முன்பே அவர் பேசுவது கேட்பதைக் கண்டான். அவனுடைய தாய் ஆப்பிள் நிறுவனத்துக்குத் தொலைபேசி, மின்னஞ்சல், தொலைநகல் என்று ஒரு வாரத்துக்குமேல் முயன்றார். வழு அறிக்கை கொடுக்க, மென்பொருள் உருவாக்குநராகப் பதிவுசெய்துகொள்ளும்படி சொன்னார்களாம். செய்தி ஊரெங்கும் பரவிய நாளில் குழு அழைப்பு நிறுத்தப்பட்டது. பிப்ரவரி 7 அன்று திருத்தம் வந்தது. மன்னிப்பும் கேட்டார்கள், சிறுவனுக்குச் சன்மானமும் கொடுத்தார்கள். ஊர் பேசிய பிறகு காட்டிய வேகம், அந்தத் தாய் பேசியபோது எங்கே இருந்தது என்பதுதான் கேட்க வேண்டியது.

குற்றம் சொல்ல வருபவருக்குக் கதவடைப்பது புதியதல்ல. குமரி மாவட்டத்தின் மேற்கே அதங்கோடு என்று ஓர் ஊர் இருக்கிறது. தொல்காப்பியத்தை நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் கேட்டுச் சரிபார்த்த அதங்கோட்டாசான் இந்த ஊர்க்காரர் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. ‘அதங்கோட்டு ஆசாற்கு அரில்தபத் தெரிந்து’ என்கிறது அந்நூலுக்குப் பனம்பாரனார் எழுதிய முன்னுரையான பாயிரம். அரில் என்றால் குற்றம், தப என்றால் நீங்க. இதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தொல்காப்பியர்மேல் சினம் கொண்டிருந்த அகத்தியர், அவர் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவைத்திருக்கிறார். தொல்காப்பியரோ திரும்பத் திரும்பச் சென்று, என் நூலை நீர் கேட்கத்தான் வேண்டும் என்கிறார். இருவர் சினத்துக்கும் ஆளாகாமல் தப்ப, நூலுக்குக் குற்றம் கூறி அனுப்பிவிடலாம் என்று எண்ணி ஆசான் வினாமேல் வினாவாகத் தொடுக்கிறார். எல்லாவற்றுக்கும் தொல்காப்பியர் விடை சொல்கிறார். கதை நடந்ததோ இல்லையோ, இங்கே ஆக்கியவரே குற்றம் காண்பவரைத் தேடிப் போகிறார். வினா தொடுத்தவரின் நோக்கம் நல்லதா என்று தொல்காப்பியர் ஆராயவில்லை. வினாவுக்கு விடை சொன்னார், அவ்வளவுதான்.

நிறுவனங்களிலும் இந்த வழிக்கு வந்தவை உண்டு. வழுவைக் கண்டு சொல்பவருக்குப் பணம் தரும் திட்டத்தை நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் தொடங்கியது. 2015இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், ஃபேஸ்புக்கில் யாருடைய படத்தொகுப்பையும் அழித்துவிடக்கூடிய குறையைச் சொன்னபோது சில மணி நேரத்துக்குள் அது மூடப்பட்டது. 12,500 டாலர் கொடுத்தார்கள். 2013இல் வழு அல்ல என்று சொன்ன அதே நிறுவனம்தான். கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு 2014 முதல் மற்ற நிறுவனங்களின் மென்பொருள்களிலும் குறை தேடி, 90 நாளில் திருத்தாவிட்டால் விவரத்தை வெளியிடும் வழக்கத்தை வைத்திருக்கிறது. கெடு கொடுப்பது முரட்டுத்தனம் என்று நிறுவனங்கள் முனகின. கெடு இல்லாத காலத்தில் திருத்தங்கள் எத்தனை மாதம் கிடப்பில் கிடந்தன என்பதை அவை சொல்வதில்லை.

நாகர்கோவிலில் கணினி அறிவியல் படிக்கும் ஒரு மாணவி, ஏதோ ஒரு செயலியில் வலைமுகவரியில் உள்ள எண்ணை மாற்றினால் அடுத்தவரின் ரசீது தெரிவதைக் கண்டால் என்ன செய்வது? இந்தியாவில் இதில் கவனம் தேவை. உரியவரின் அனுமதியின்றிக் கணினியில் நுழைந்து தகவல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் வருகிறது; கெட்ட நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டுச் சிறைவரை போகும். ஆகவே குறை இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். நூறு ரசீதுகளை இறக்கி நிரூபிக்கக் கூடாது. தேதியுடன் எழுதி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் இல்லையென்றால், 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு இத்தகைய அறிக்கைகளைப் பெற்று நிறுவனத்துடன் பேசுகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையும், தரவு உடைப்பை, அதாவது தகவல் உண்மையிலேயே கசிவது போன்றவற்றை, அறிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையும் அபராதம் சொல்கிறது. அறிவிக்க வேண்டியது உடைப்பை. உடைப்பாக மாறாத வழுவைப் பற்றி வாய் திறக்க அந்தப் பிரிவு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

சொற்களுக்குத் திரும்பினால்: பொதுவான மென்பொருள் குறைக்கு வழு போதும். அந்தரங்கம் கசியும் வகைக்குத் தனியுரிமை வழு என்று எழுதலாம். பிறர் புகுந்துவிடக்கூடிய இடத்தைப் பாதுகாப்பு ஓட்டை என்று நாளிதழ்கள் எழுதுவது எல்லாருக்கும் புரிகிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. திரையில் வரும் ‘எரர்’ செய்திக்குப் பிழை என்ற சொல் நிலைபெற்றுவிட்டது, அதை வழு ஆக்கினால் குழப்பம்தான். ‘பேட்ச்’ என்பதற்குத் துணிக்குப் போடும் ஒட்டே பொருத்தம். சிலர் எழுதும் ‘இணைப்பு’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. பன்மையில் ‘வழுகள்’ என்று எழுதுகிறார்கள். இரண்டு குறிலாக வந்து முற்றியலுகரத்தில் முடியும் பசு, தெரு ஆகியவை பசுக்கள், தெருக்கள் ஆவதைப்போல, இதுவும் வழுக்கள் என்றே வரும்.