பழசானால் எல்லா வைனும் நல்லதாகிவிடாது

போன வாரமும் ஒன்று. பாரிஸில் நான் சொம்மெலியேவாக (வைன் தேர்ந்து பரிமாறுபவராக) வேலை பார்க்கும் உணவகத்துக்கு, மகனின் இருபதாவது பிறந்தநாளைக் கொண்டாட ஒரு குடும்பம் வந்தது. கையோடு சொந்த பாட்டிலும் வந்தது: போர்தோ பகுதியின் 2005 போயாக் சிவப்பு வைன். பையன் பிறந்த ஆண்டு, போர்தோவுக்கும் அருமையான ஆண்டு. ஆனால் பாட்டிலை வாங்கிப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வைன் மட்டம் கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு இறங்கியிருந்தது, உறைக்கு அடியில் ஒழுகிக் காய்ந்த பிசுக்கு. வரவேற்பறை ஷோகேஸில், ஹீட்டர் பக்கத்தில், இத்தனை வருடமும் நிற்க வைத்திருக்கிறார்கள். தக்கை தூளாக உதிர்ந்தது. கிளாஸில் விழுந்தது காப்பி நிறம், வினிகர் வாடை. அந்த அப்பாவிடம் என்ன சொல்வது?

இப்படி எத்தனை பேர்! எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வைன் பழசாகப் பழசாக நல்லதாகும் என்றார்களே." தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். பிரான்சில் தயாராகும் வைனில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளிவரும் பொஜொலே நூவோ என்ற இளம் வைனை அடுத்த கோடைக்குள் முடித்துவிட வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சாதாரண போர்தோவைப் பதினைந்து வருடம் பூட்டி வைத்தால் பழச்சுவை போய்விடும், புளிப்புதான் மிஞ்சும். போர்தோவில் மெதோக் பகுதியின் நல்ல கபெர்னே சொவின்யோன், ரோன் பள்ளத்தாக்கில் எர்மிதாஜின் சிரா ஆகிய திராட்சைகளின் வைன் மாதிரி டானினும் (துவர்ப்புத் தரும் பொருள்) புளிப்பும் சாரமும் கெட்டியாக உள்ளவைதான் பல பத்தாண்டுகள் தாங்கும். அவற்றுக்கும் ஓர் உச்சம் உண்டு, அதைத் தாண்டினால் இறக்கம்தான். போர்தோ வைன்களின் 1855 தரவரிசையில் இடம்பெற்ற ஷாத்தோவின் (வைன் பண்ணையின்) பாட்டில் என்றாலும் சரி, சூட்டில் வைத்தால் பெயர் வந்து காப்பாற்றாது.

ஆகவே வயதைக் கேட்பதற்கு முன் பாட்டில் எங்கே இருந்தது என்று கேளுங்கள். இருட்டு வேண்டும், 12 டிகிரியை ஒட்டிய மாறாத குளிர்ச்சி வேண்டும், காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் அளவில் வேண்டும். படுக்க வைத்தால்தான் தக்கை நனைந்தே இருக்கும். ஃபிரிட்ஜின் தலைமேல் வைக்கவே கூடாது, சூடும் அதிர்வும் சேர்ந்து கெடுத்துவிடும். அடுக்குமாடியின் கீழே உங்களுக்கு ஒரு காவ் (நிலவறை) இருந்தால், அதற்குள் சுடுநீர்க் குழாய் ஓடுகிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். இடமே இல்லை என்றால் சேர்த்து வைக்காதீர்கள். விசேஷம் வரும்போது, ஒழுங்காகப் பராமரிக்கும் கடையில் முதிர்ந்த பாட்டிலாகவே வாங்கிக்கொள்ளலாம்.

திறப்பதற்கு ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் படியட்டும். வண்டலால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கசக்கும், பல்லில் நறநறக்கும். பழைய தக்கைக்குத் திருகாணியை விட, பக்கவாட்டில் நுழையும் இரட்டைத் தகட்டுத் திறப்பான்தான் நல்லது. அப்புறம், மணிக்கணக்கில் காற்றாட விடும் பழக்கம். இளம் வைனுக்குச் சரி. பழையதற்கு அது கொலை. போர்தோவின் பெரிய வைனியல் அறிஞர் எமில் பெய்னோ, வண்டல் இருந்தால் மட்டும், அதுவும் பரிமாறும் நேரத்தில் கராஃபுக்கு (கண்ணாடிக் குடுவைக்கு) மாற்றுங்கள் என்றுதான் சொன்னார். கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு வைத்து மெதுவாக ஊற்றுங்கள், வண்டலின் கருப்பு இழை கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பரிமாறும்போது வைன் 16, 17 டிகிரியில் இருந்தால் போதும். கோடையில் வீட்டுச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெள்ளைத் துணி மேல் சாய்த்துப் பாருங்கள்: நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். முழுவதும் பழுப்பு என்றால் நம்பிக்கை குறைவு. சுழற்றுவதற்கு முன்பே ஒருமுறை முகருங்கள், மெல்லிய வாசனைகள் முதலில் பறந்துவிடும். புகையிலை, தேவதாரு, தோல், மழைக்குப் பிறகு காட்டில் மக்கும் இலை, காளான்... பழவாசனை இல்லையே, கெட்டுவிட்டதோ என்று பலர் பயப்படுகிறார்கள். முதிர்ந்த வைன் இப்படித்தான் இருக்கும், இதற்காகத்தான் இத்தனை வருடக் காத்திருப்பு. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் மட்டும் கூச்சப்படாமல் எங்களைக் கூப்பிடுங்கள். அது தக்கையில் வந்த கோளாறு, எங்களிடம் வாங்கியது என்றால் பாட்டிலை மாற்றச் சொல்வது உங்கள் உரிமை. ஒரு மடக்கு வாயில் சற்று நிற்கட்டும். டானின் இளமையில் போல ஈறைப் பிடிக்காது, பட்டாக இறங்கும். பத்து நிமிடம் விட்டு மறுபடி முகர்ந்தால் வேறு வாசனை எழுந்திருக்கும். சில பாட்டில்கள் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும், ஆகவே பேச்சுவாக்கில் கிளாஸை மறந்துவிடாதீர்கள்.

தொட்டுக்கொள்ள மிளகாய்க் காரம் வேண்டவே வேண்டாம், இந்த நுணுக்கம் எதுவும் நாக்குக்குத் தெரியாமல் போகும். எளிமையாக வாட்டிய ஆட்டிறைச்சி போதும். வயதானதால் நாவில் லேசாக இறங்குகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், 12, 13 சதவீத ஆல்கஹால் அப்படியேதான் இருக்கிறது. பிரான்சில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் எட்டினாலே குற்றம். கார் சாவியை முதலிலேயே குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.